உச்சமுனையின் பதினொரு பூச்சியங்கள்

இசபெல் அழவில்லை என்பதை எத்தாளை ஊர் முதல் மாதத்திலேயே கவனித்துவிட்டது. இரண்டாயிரத்துப் பன்னிரண்டு ஆடி மாதம் அவளுடைய கணவன் றொபி, சிலாபத்துக்கு வடக்கே ஏதோ ஒரு கரையிலிருந்து புறப்பட்ட மீன்பிடிப் படகில் அவுஸ்திரேலியாவுக்கென்று ஏறினான். படகில் நாற்பத்து மூன்று பேர். எட்டாம் நாள் யாரோ ஒருவர் செய்மதித் தொலைபேசியில் பேசியதாக ஒரு கதை வந்தது. அதன் பிறகு கதையும் வரவில்லை. படகில் ஆள் போன வீடுகளில் பெண்கள் கோயிலில் விழுந்து கிடந்தார்கள், தலைவிரி கோலமாகக் கரையில் நின்றார்கள். இசபெல் காலையில் எழுந்து குளித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒன்பதாம் ஆண்டுக்குக் கணக்குப் படிப்பித்தாள்.

மூன்றாம் மாதம் ஒரு நாள் கரும்பலகையில் ஒரு பின்னத்தை எழுதிவிட்டு, சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது நிமிடம் அப்படி நின்றதாகப் பிறகு சொன்னார்கள். பிள்ளைகள் ஒரு சத்தமும் போடவில்லை. மணி அடித்தபோது அடுத்த பாடத்து ஆசிரியை வந்து அவளுடைய தோளைத் தொட்டுக் கதிரையில் இருத்தினாள். அதிபர் நல்ல மனிதர். கொஞ்ச நாள் லீவு எடுங்கள் என்றார். இசபெல் லீவு எடுத்தாள், திரும்பிப் போகவில்லை. போகக்கூடாது என்று முடிவு செய்ததாகவும் அவளுக்கு நினைவில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் தில்லையடியில் ஒரு வேலை கிடைத்தது. யுத்தத்திலோ கடலிலோ ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கென்று ஒரு நிறுவனம் நடத்திய வேலைத்திட்டம். இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைதான் அலுவலகம். மாதம் ஒருமுறை இரண்டு பெண்கள் கரையோரத்து வீடுகளுக்குப் போய் இருந்து கதைப்பார்கள், தேவைப்பட்டால் ஆசுப்பத்திரிக்குக் கூட்டிப் போவார்கள். வருடத்துக்கொரு தடவை ஒரு கேள்விக்கொத்தை நிரப்பிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். அந்தத் தரவுகளைக் கணினியில் ஏற்றிச் சரிபார்க்கப் புள்ளிவிபரவியல் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். இசபெல் வெளிவாரியாகப் பட்டம் படித்தபோது அதைத்தான் விரும்பிப் படித்திருந்தாள். ஆட்களின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாத வேலை என்பதால் ஓம் என்றாள்.

அலுவலகத்துக்குப் பொறுப்பாக மஸாஹிர் இருந்தார். நாற்பது வயது. எதையும் அரைமணி நேரம் பிந்திச் செய்துவிட்டு அதற்கு மன்னிப்பும் கேட்கும் மனிதர். வீடுகளுக்குப் போகும் இரண்டு பெண்களில் ஒருத்தி றம்லா. மன்னாரிலிருந்து ஐந்து வயதில் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்தவள், தில்லையடியிலேயே வளர்ந்து அங்கேயே கலியாணம் முடித்தவள். வாய் ஓயாமல் கதைப்பாள். இசபெல் பதில் சொல்லாவிட்டாலும் அவளுக்குக் குறையில்லை.

இரண்டாயிரத்துப் பதினான்கு தை மாதம், இரண்டாம் வருடக் கேள்விக்கொத்துக்கு முன்னால், தகவல் எடுக்கப் போகிறவர்களுக்கு இசபெல் ஒரு நாள் வகுப்பு எடுத்தாள். ஆறு பெண்கள் பாயில் இருந்தார்கள். மேலே காற்றாடி கறகறவென்று சுற்றியது.

"இந்தப் படிவத்தில எல்லாத்துக்கும் இலக்கந்தான் எழுதப் போறீங்க. ஆனா எல்லா இலக்கமும் ஒரே சாதி இல்லை," என்று தொடங்கினாள். "வள்ளத்துக்கு நம்பர் இருக்குத்தானே? இருநூறாம் நம்பர் வள்ளம் நூறாம் நம்பரைப் போல ரெண்டு மடங்கு பெரிசா?"

"இல்ல டீச்சர்," என்றாள் றம்லா. "அது பேருக்குப் பதிலாப் போட்டது."

"அதுதான் பெயரளவு. சமயத்துக்கு ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு எண்டு போட்டிருக்கிறம். அதைக் கூட்டிப் பிரிச்சு இந்த ஊரின்ட சராசரிச் சமயம் ரெண்டரை எண்டு சொல்ல ஏலுமா?"

பெண்கள் சிரித்தார்கள். "அப்ப அடையாள அட்டை நம்பர் கூடின ஆள் பெரிய ஆள் இல்லையா? எங்கட அவர் அதைச் சொல்லித்தானே வீட்டில பெருமை அடிக்கிறார்," என்றாள் றம்லா. இன்னும் சிரித்தார்கள். இசபெல் அவர்கள் சிரித்து முடியும்வரை காத்திருந்தாள். முன்பென்றால் தானும் சிரித்திருப்பாள் என்று தெரிந்தது, வேறு யாரையோ பற்றித் தெரிவதுபோல.

இறாலைப் பெரிது, நடுத்தரம், சின்னன் என்று பிரிப்பதைச் சொன்னாள். அங்கே வரிசை உண்டு. எது கூட, எது குறைய என்று தெரியும். ஆனால் பெரிதுக்கும் நடுத்தரத்துக்கும் இடையில் உள்ள தூரமும், நடுத்தரத்துக்கும் சின்னனுக்கும் இடையில் உள்ள தூரமும் ஒன்றென்று யாரும் சொல்ல முடியாது. வெப்பமானியில் படிக்குப் படி தூரம் சமம், அது ஆயிடை அளவு. ஆனால் அதில் பூச்சியம் என்பது நாங்கள் வைத்த ஒரு கோடு. பூச்சியம் பாகை என்றால் சூடே இல்லை என்று அர்த்தமில்லை. அதனால் முப்பது பாகை பதினைந்தைப் போல இரண்டு மடங்கு சூடும் இல்லை.

"தராசு வேற," என்றாள். "தராசில பூச்சியம் எண்டா ஒண்டும் இல்லை. மீன் இல்லையெண்டா இல்லைதான். அதில மட்டுந்தான் பாதி எண்டும் ரெண்டு மடங்கு எண்டும் கதைக்கலாம். அது விகித அளவு. பிள்ளைகள் எத்தனை பேர், எத்தனை நாள் கடலுக்குப் போனது, இதெல்லாம் அந்தச் சாதி."

"அப்ப இந்தப் பத்துக் கேள்வி?" என்று றம்லா படிவத்தின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மனத்துயரம் பற்றிய கேள்விகள் அவை. அழுகை வருகிறதா, நித்திரை குழம்புகிறதா, பயம் இருக்கிறதா, உடம்பு நோகிறதா. ஒவ்வொன்றுக்கும் 'இல்லவே இல்லை' என்றால் பூச்சியம், 'மிக அதிகம்' என்றால் நான்கு. மொத்தம் நாற்பது.

"அது இறால் மாதிரி. வரிசை மட்டுந்தான்."

"பிறகேன் மஸாஹிர் சேர் எல்லாத்தையும் கூட்டிச் சராசரி எடுக்கிறார்?"

"எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை. ஒப்பிட்டுப் பார்க்க லேசு. ஆனா அது நிறை இல்லை. அதை மறந்திடக்கூடாது."

பின்னேரம் பயிற்சிக்காக ஆளுக்கொரு படிவத்தை நிரப்பினார்கள். இசபெல்லும் நிரப்பினாள். அழுகை வருகிறதா? இல்லை. பயம்? இல்லை. நித்திரை நன்றாக வந்தது, படுத்தால் விடியும்வரை கல்லைப் போலக் கிடந்தாள். ஒன்றும் நோகவில்லை. பத்துக் கேள்விக்கும் பூச்சியம். படிவத்தின்படி புத்தளம் மாவட்டத்திலேயே மிகவும் நிம்மதியான பெண் அவள்தான். தாளை மடித்து மற்றவற்றோடு சேர்த்துக் கோப்பில் போட்டாள்.

பங்குனி மாத நடுவில் மஸாஹிர் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். முகத்தில் வெளிச்சம்.

"டீச்சர், உச்சமுனையைப் பாருங்க. போன வருஷம் இருபத்து மூணு வீட்டுக்கும் சராசரி இருபத்தாறு. இந்த வருஷம் பதிமூணு. சரி பாதி! துயரம் ஐம்பது வீதம் குறைஞ்சிருக்கு. அல்ஹம்துலில்லாஹ், எங்கட பிள்ளைகள் உழைச்ச உழைப்பு."

உச்சமுனை கற்பிட்டிக்கு அப்பால், களப்பைத் தாண்டிப் படகில் போக வேண்டிய தீவு. எரிபொருள், படகு, ஒரு முழு நாள். மஸாஹிர் அறிக்கையில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார். தீவில் நோக்கம் நிறைவேறியதால் அங்கே வீடுகளுக்குப் போவதைச் சித்திரையோடு நிறுத்தி, அந்த வளங்களை வேறு ஊருக்குத் திருப்பலாம்.

"என்ன சொல்றீங்க?"

தராசின் கதை இசபெல்லுக்கு அந்த நேரம் நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. ஆனால் அதைத் தூக்கி வாய்க்குக் கொண்டுவர ஒரு பலம் வேண்டியிருந்தது. அது அவளிடம் இல்லை. "ஓம் சேர்," என்றாள்.

நாலு நாள் கழித்துத் தரவுகளைச் சரிபார்க்கும்போது உச்சமுனையின் நிரல்களைப் பிரித்துப் பார்த்தாள். இருபத்து மூன்று வீட்டில் பன்னிரண்டு வீடு கிட்டத்தட்டப் போன வருடத்து இடத்திலேயே நின்றது. இருபத்து நான்கு, இருபத்தேழு, இருபத்தைந்து. மிச்சம் பதினொன்றும் பூச்சியம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்றுமில்லை. நேரே பூச்சியம். பதிமூன்று என்ற புள்ளியில் அந்தத் தீவில் ஒரு மனிதரும் இல்லை. அந்தப் பதினொன்றில் ஐந்து, படகில் ஆள் போன வீடு.

பிறகு றம்லாவைக் கூப்பிட்டாள்.

"இதெல்லாம் நீங்க எடுத்ததுதானே?"

"ஓம். நான் பிழையா எழுதல்ல டீச்சர், அல்லாவுக்குப் பொதுவா." றம்லாவின் குரல் இறங்கியது. "அவங்க சொன்னதத்தான் எழுதினேன். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஒண்டுமில்ல'. வேற கதை இல்ல. போன வருஷம் இதே ஆக்கள் என்ட மடியில விழுந்து அழுதாங்க. இந்த முறை தேத்தண்ணி தந்திட்டு இருந்தாங்க, நான் போகும்வரை. எனக்கு அந்த வீடுகள்ல இருக்க ஒரு மாதிரி இருந்திச்சு. ஆனா அதை எழுத ஒரு கட்டம் இல்லயே."

"நாளைக்குப் போவமா?"

றம்லா அவளைப் பார்த்தாள். ஒரு வருடத்தில் இசபெல் தானாக ஓர் இடத்துக்குப் போகக் கேட்டது இதுதான் முதல்தடவை.

அடுத்த நாள் காலை கற்பிட்டியிலிருந்து படகில் போனார்கள். களப்பு தட்டையாகக் கிடந்தது. தீவில் இறங்கியதும் மணல், பனை, வலை காயப்போட்ட கம்புகள். றம்லா முதலில் பிரான்சிஸ்காவின் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பிரான்சிஸ்காவுக்கு நாற்பத்தேழு வயது. கணவன் இறந்து பத்து வருடம். மகன் நிரோசன் றொபி போன அதே படகில் போனவன், போகும்போது இருபத்தொரு வயது. வீட்டில் இப்போது அவளும் பதினாறு வயது மகள் அஜித்தாவும்தான்.

பிரான்சிஸ்கா வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தாள். வலது கையில் பழைய சீலைத்துணி ஒன்று சுற்றியிருந்தது. துணியின் ஓரத்தில் மஞ்சள் கறை. கிட்டப் போனபோது மணத்தது.

"அக்கா, கையில என்ன?" என்றாள் இசபெல்.

"ஒண்டுமில்ல."

உள்ளேயிருந்து அஜித்தா வந்தாள். "அடுப்புக் கம்பியில கையை வைச்சிட்டா மிஸ். இந்தச் சனி இல்லை, அதுக்கு முதல் சனிக்கிழமை. சோத்துப் பானையை இறக்கப் போனவ. நான் கிணத்தில இருந்து வரேக்க பானை கீழ இருக்கு, அம்மா கம்பியில கையை ஊண்டிக்கொண்டு வெளிய பாத்துக்கொண்டு நிக்கிறா. புகை மணக்குது. நான்தான் இழுத்தனான்." அவள் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எவ்வளவு நேரம் அப்பிடி நிண்டவவோ தெரியாது. ஆசுப்பத்திரிக்கு வாங்க எண்டா வாறாவில்லை. நோகேல்லை எண்டு சொல்லுறா."

"நோகேல்லைதானே," என்றாள் பிரான்சிஸ்கா. பிடிவாதமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

இசபெல் குந்தியிருந்து துணியை அவிழ்த்தாள். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து எடுத்தாள். உள்ளங்கையின் நடுவில் ஒரு பட்டை வெள்ளையும் கருப்புமாகக் காய்ந்த தோலைப் போல இறுகிக் கிடந்தது. சுற்றிவரச் சிவந்து வீங்கிச் சீழ் வைத்திருந்தது. றம்லா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனாள். பிரான்சிஸ்கா தன் கையைப் பார்த்தாள், யாரோ மேசையில் வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல.

இசபெல்லுக்கும் அருவருப்பு வரவில்லை. பயம் வரவில்லை. அவள் செய்ய வேண்டியதைச் செய்தாள். ஆனால் ஒன்று மட்டும் விளங்கியது. இந்தப் பெண் வாசலில் இருக்கிற விதத்தில் தானும் தில்லையடி மேல்மாடியில் இருக்கிறாள். இருவருடைய படிவமும் ஒன்றுதான்.

"அக்கா, வாங்க. படகு நிக்குது."

"எங்க?"

"கற்பிட்டிக்கு."

"சரி," என்றாள் பிரான்சிஸ்கா. மகள் பத்து நாளாகக் கெஞ்சியும் அசையாதவள் எழுந்து செருப்பைப் போட்டாள். ஏன் எழுந்தாள் என்று இசபெல் பிறகு ஒருநாள் கேட்டபோது, "நீ கெஞ்சேல்லை. அதுதான்," என்றாள்.

ஆசுப்பத்திரியில் தாதி முதலில் ஓர் அட்டையை நிரப்பினாள். வலி பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டாள். "ஒண்டுமில்ல," என்றாள் பிரான்சிஸ்கா. தாதி பூச்சியம் என்று எழுதிவிட்டுக் கையைத் திருப்பினாள், உடனே எழுந்து வைத்தியரைக் கூப்பிடப் போனாள்.

வைத்தியர் இளம் பெண். சிங்களவர். தமிழைச் சொல் சொல்லாகப் பொறுக்கிப் பேசினார். ஒரு மெல்லிய ஊசியால் கையை அங்கங்கே தொட்டார். ஓரத்தில் தொட்டபோது பிரான்சிஸ்காவின் விரல் லேசாக அசைந்தது. நடுவில் குத்தியபோது ஒன்றும் இல்லை.

"இங்க வலி இல்ல," என்று இசபெல்லிடம் காட்டினார். "அது நல்லம் இல்ல. மேல் தோல் சுட்டா நல்லா வலிக்கும். ஆழமாப் போனா நரம்பும் சுடும். அப்ப வலி இல்ல. வலி இல்லாத இடம்தான் கூட மோசம். இவங்களைப் பெரிய ஆசுப்பத்திரிக்கு அனுப்ப வேணும். வேற இடத்துத் தோல் எடுத்து வைக்க வேணும்."

"ஒரு கிழமை பிந்தியிருந்தா?"

வைத்தியர் மணிக்கட்டின் மேலே ஏறிக்கொண்டிருந்த சிவப்பை விரலால் காட்டினார். "கை போயிருக்கும். ஆளும் போயிருக்கலாம்."

அம்புலன்சில் அஜித்தா தாயோடு ஏறினாள். றம்லா வெளியே மரத்தடியில் நின்று அழுதுகொண்டிருந்தாள். "நான் போன மாசம் அவட வாசல்ல இருந்துதான் டீச்சர் இந்தப் பூச்சியத்தை எழுதினேன்," என்றாள். "நான் எழும்பி வந்து ஒரு மாசத்தில இது." இசபெல் அவள் பக்கத்தில் நின்றாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. தன் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் மஸாஹிரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். இந்த முறை அவர் கூப்பிடவில்லை.

"சேர், உச்சமுனை அறிக்கையைத் திருத்த வேணும்."

"வியாழக்கிழமை அனுப்பிட்டேனே டீச்சர்." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "றம்லா சொன்னா. பாவம் அந்தப் பொம்பிள. ஆனா அது ஒரு ஆளுக்கு நடந்த விபத்து. அதை வைச்சு இருபத்து மூணு வீட்டுக் கணக்கை மாத்த ஏலாதே."

"ஒரு ஆளை வைச்சு இல்லை சேர். கணக்கே பிழை. துயரம் பாதியாக் குறைஞ்சது எண்டு எழுதியிருக்கிறீங்க. பாதி எண்டு சொல்லுறதெண்டா அது தராசா இருக்க வேணும். எங்கட படிவம் தராசு இல்லை. அதில இருக்கிற பூச்சியம் நாங்க போட்ட ஒரு சொல்லுக்கு நாங்க வைச்ச இலக்கம். 'இல்லவே இல்லை' எண்டு ஒரு ஆள் சொன்னார், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். துயரம் இல்லை எண்டு அர்த்தம் இல்லை."

"எல்லா நிறுவனமும் இப்பிடித்தான் கூட்டிப் பிரிக்கிது. கொழும்பில கேக்கிறதும் அதுதான்."

"கூட்டட்டும். ஆனா கூட்டினதைப் பிரிச்சும் பாக்க வேணும். பன்னிரண்டு வீடு அப்பிடியே இருக்கு. பதினொரு வீடு கடைசிப் படிக்குப் போய் விழுந்திருக்கு. சுகப்படுற ஆக்கள் அப்பிடி விழமாட்டினம் சேர். இருபத்தஞ்சு இருபதாகும், இருபது பதினாறாகும்."

மஸாஹிர் பேனையை உருட்டினார். "அப்ப அந்தப் பதினொண்டும் என்ன எண்டுறீங்க?"

இசபெல் அலுமாரியைத் திறந்து பயிற்சிக் கோப்பை எடுத்தாள். தன் படிவத்தைத் தேடி அவர் முன்னால் வைத்தாள். பெயர் இல்லை, ஆனால் அவளுடைய கையெழுத்து அவருக்குத் தெரியும். பத்துப் பூச்சியங்களையும் அவர் மேலிருந்து கீழே பார்த்தார்.

"றொபி போய் இருபது மாசம்," என்றாள். குரல் பாடம் சொல்லும் குரலாகவே இருந்தது. "நான் சந்தோஷமா இருக்கிறன் எண்டு நினைக்கிறீங்களா சேர்?"

கீழே கடையில் யாரோ தகரத்தை வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மஸாஹிர் தாளை மடிக்காமல் மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"ஒரு வருஷமா எனக்கு முன்னாலதான் இருக்கிறீங்க," என்றார். "மன்னிச்சுக்கோங்க."

அன்று பின்னேரமே இருவரும் இருந்து கடிதம் எழுதினார்கள். மஸாஹிர் எழுத, இசபெல் திருத்தினாள். 'ஐம்பது வீதம் குறைந்தது' என்ற வசனத்தை வெட்டினார்கள். சராசரிக்குப் பதிலாக, எந்தப் பதிலை எத்தனை வீடு சொன்னது என்று ஒரு அட்டவணை போட்டார்கள். எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்ற வீடுகளை வைத்தியருக்குக் காட்ட வேண்டும் என்றும் எழுதினார்கள்.

கொழும்பிலிருந்து பதில் வர ஐந்து கிழமை எடுத்தது. திருத்தத்துக்கு நன்றி, அடுத்த வருட அறிக்கையில் கவனிக்கப்படும், ஆனால் எரிபொருள் ஒதுக்கீடு ஏற்கெனவே வேறு ஊருக்கு மாற்றப்பட்டுவிட்டது, ஆகவே உச்சமுனைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகலாம் என்று எழுதியிருந்தார்கள். மஸாஹிர் அதை வாசித்துவிட்டு மேசையில் போட்டார். பிறகு கற்பிட்டி மீனவர் சங்கத்தில் தனக்குத் தெரிந்த ஒருவரோடு கதைத்து, தீவுக்குச் சாமான் ஏற்றும் படகில் றம்லாவுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார். மாதத்தில் ஒரு நாள். நேரம் காலம் படகுக்காரரின் இஷ்டம்.

றம்லாவும் இசபெல்லும் அந்தப் பதினொரு வீட்டுக்கும் திரும்பப் போனார்கள். படிவம் கொண்டு போகவில்லை. சாப்பிட்டீர்களா, என்ன கறி, யார் சமைத்தது என்று கேட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு பெண் மூன்று மாதமாகத் தலை இழுக்கவில்லை, முடி சடை பிடித்திருந்தது. இன்னொரு வீட்டில் கைப்பிள்ளை அழுதால் தாய்க்குக் கேட்பதில்லை, பக்கத்து வீட்டார் வந்து தூக்குகிறார்கள். நான்கு பேரைக் கற்பிட்டிக்குக் கூட்டிப் போய் மனநல வைத்தியருக்குக் காட்டினார்கள். இரண்டு பேர் மருந்து எடுக்கத் தொடங்கினார்கள். ஒருத்தி வரமாட்டேன் என்று கதவைச் சாத்தினாள். இரண்டு வீட்டில் உண்மையிலேயே ஒன்றுமில்லை, கேள்வி கேட்கப்பட்ட அன்று அவர்களுக்கு வேலை அவசரம், அவ்வளவுதான். அதையும் இசபெல் எழுதி வைத்தாள். அவளும் அந்த வைத்தியரிடம் ஒரு நாள் போனாள். அவர் அதிகம் கேட்கவில்லை. ஒரு குளிசை எழுதித் தந்து, இரண்டு கிழமையில் வரச் சொன்னார்.

பிரான்சிஸ்கா வைகாசி மாதம் வீட்டுக்கு வந்தாள். தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் வைத்திருந்தார்கள். கை பிழைத்தது, இரண்டு விரல் முழுக்க மடங்காது. இசபெல் பார்க்கப் போனபோது வாசல் கதிரை வெறுமையாக இருந்தது. அவள் பின்வளவில் அஜித்தாவை ஏசிக்கொண்டிருந்தாள், மருந்துத் துணியை இழுத்துவிட்டாள் என்று.

"நோகுதா அக்கா?"

"ஓம், சீவன் போகுது," என்றாள் பிரான்சிஸ்கா. "தொடைதான். கை இல்லை." பிறகு கடலைப் பார்க்காமல், "உன்ட மனுசனும் அந்தப் படகில எண்டு றம்லா சொன்னா," என்றாள்.

"ஓம்."

"பொலிசில சொன்னியா?"

இசபெல் சொல்லவில்லை. படகில் ஆள் போன யாரும் சொல்லவில்லை. களவாகப் போனதற்கு வழக்குப் போடுவார்கள் என்று ஊரில் பயம். சொன்னால் அது முடிந்துவிட்டதாகிவிடும் என்ற பயமும். இசபெல்லுக்கு இரண்டு பயமும் இருந்ததில்லை. அவள் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

"நானும் சொல்லேல்லை," என்றாள் பிரான்சிஸ்கா. "ஆசுப்பத்திரியில எனக்குப் பக்கத்துக் கட்டில்காரி கேட்டா, மகனுக்கு ஒரு துண்டுக் கடுதாசியாவது இருக்கோ எண்டு. இல்லை. அவன் போனதுக்கு ஒரு இடத்திலயும் ஒரு எழுத்து இல்லை."

அடுத்த கிழமை இருவரும் கற்பிட்டிப் பொலிசுக்குப் போனார்கள். தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன் பெரிய புத்தகத்தை விரித்து வைத்துக் கேட்டார். வழக்கு என்று ஒன்றும் சொல்லவில்லை. களைத்துப் போன முகம். பெயர், பிறந்த தேதி, கடைசியாகக் கண்ட நாள். உயரம் ஐந்தடி ஏழு என்றாள் இசபெல். வலது புருவத்தில் ஒரு தழும்பு.

"நிறை?"

இசபெல் வாயைத் திறந்தாள். தெரியவில்லை. ஐந்து வருடம் பக்கத்தில் படுத்த உடம்பு எத்தனை கிலோ என்று தெரியவில்லை. அறுபதா, அறுபத்தைந்தா? ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். மருந்துக்கடை வாசலில் நிறை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. அதைக் கடந்து எத்தனை தடவை இருவரும் நடந்திருப்பார்கள். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவாயில்ல, விடுங்க," என்றார் சார்ஜன். பிரான்சிஸ்காவிடம் திரும்பினார். "மகன்ட நிறை?"

"மூண்டு கிலோ இருநூறு," என்றாள் பிரான்சிஸ்கா. சார்ஜன் நிமிர்ந்து பார்த்தார். "பிறக்கேக்க," என்றாள் அவள். "அதுதான் எனக்குத் தெரியும்."

அவர் பேனையைப் புத்தகத்தின் மேலே கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக விட்டு அடுத்த வரிக்குப் போனார்.

முறைப்பாட்டுத் துண்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்து வெயிலில் நின்றார்கள். பிரான்சிஸ்காவின் படகு இரண்டு மணிக்கு. இசபெல் துண்டை விரித்து வாசித்தாள். சிங்களத்தில் எழுதியிருந்தது, அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். கூட்டிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"என்ன?" என்றாள் பிரான்சிஸ்கா.

"றொபின் எண்டு எழுதியிருக்கு."

"அதுக்கென்ன, ஆள் ஆர் எண்டு தெரியுந்தானே. படகு போயிடும்."

"அவருக்குப் பேர் றொபி," என்றாள் இசபெல். குரல் உயர்ந்துவிட்டது. வாசலில் நின்ற பொலிஸ்காரர் திரும்பிப் பார்த்தார். "றொபின் இல்லை. றொபி."

அவள் படியேறி உள்ளே போனாள். சார்ஜன் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம் வாங்கோ என்றார். இசபெல் கதிரையை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே இருந்தாள். பிரான்சிஸ்கா வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே வந்து பக்கத்தில் இருந்தாள்.